செவக்காட்டு மண்ணுளி

சிவப்பு மண்ணுளிப் பாம்புக்கு விஷம் கிடையாது. கையில் எடுத்தாலும் கடிப்பது அபூர்வம். வேகமாக ஓடவும் தெரியாது. பயிரைத் தொடாது, எலியைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் கிடக்கும். இப்படிப்பட்ட ஒரு பிராணியை முன்வைத்து லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது, வழக்குப் பதிவாகிறது, நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் ஜாமீனுக்கு அலைகிறார்கள். கடையநல்லூர்ப் பக்கம் டீக்கடையில் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "அது என்ன விலைக்குப் போகும்?" இளவட்டங்களிடம் பேசினால், "வீட்டில் வளர்க்கலாமா?" காட்டில் வேலை செய்யும்போது கிடைத்தால் அதை என்ன செய்வது, எங்கே விடுவது என்று கேட்பவர்கள் குறைவு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கேள்விதான். ஆனால் முதலிரண்டையும் கடக்காமல் அதற்கு வர முடியாது.

முதலில் நிலம். தென்மேற்குப் பருவத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் சாரல் குற்றாலத்தையும் தென்காசியையும் நனைக்கும். வடக்கே கடையநல்லூர், புளியங்குடி என்று போகப்போக ஈரம் குறைந்து காற்று மட்டும் மிஞ்சும். இந்தப் பக்கத்துக்கு உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மலையடியில் கருப்பாநதி அணை, அதன் கால்வாய், குளங்கள், நெல்வயல், தென்னந்தோப்பு. குளத்துத் தண்ணீர் ஏறாத மேட்டில் செவக்காடு: சரளை கலந்த செம்மண், மானாவாரி, இடையிடையே கிணற்றுப் பாசனத்தில் எலுமிச்சை. இன்னும் கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போனால் கரிசல் தொடங்கிவிடும். மழையில் ஒட்டி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற கரிசலைவிட, உதிர்கிற செம்மண்ணும் மணலும்தான் மண்ணுளிக்குத் தோது. மலைக்கும் கரிசலுக்கும் நடுவிலிருக்கும் இந்தக் குறுகிய செம்மண் பட்டை அதற்கு ஏற்ற நாடு.

இந்தப் பாம்பின் சொந்தபந்தம் எல்லாம் வறண்ட தேசத்தில்தான். வட ஆப்பிரிக்காவில் தொடங்கி அரேபியா, ஈரான், மத்திய ஆசியா வழியாக இந்தியா வரை மணலையும் உலர்நிலத்தையும் தொடர்ந்து பரவிய குடும்பம் அது. சிவப்பு மண்ணுளி ஈரானிலிருந்து தமிழ்நாடு வரை இருக்கிறது. கடலைத் தாண்டி இலங்கைக்குப் போகவில்லை. அதன் உறவான சொரசொரப்பு மண்ணுளி இலங்கையின் உலர்ந்த பகுதிகளிலும் உண்டு. மூன்றாவதாக, கணவாய்க்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து மேற்குக் கடற்கரை நெடுக வாழும் ஒரு மண்ணுளியை 1991இல் இந்திரநீல் தாஸ் தனி இனமாக விவரித்து, சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கரின் பெயரைச் சூட்டினார். பாலைவனம் இல்லாத தமிழ்நாட்டில் பாலைவனத்துப் பாம்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவிலுள்ள தேரிக்காட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். செக்கச்சிவந்த மணல்மேடுகள், உடைமரம், பனை. வைகாசி மதியத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. கடையநல்லூர்ச் செவக்காடு அவ்வளவு கடுமையானது அல்ல என்றாலும் அதே குணம் கொண்டது.

சிவப்பு மண்ணுளியின் அறிவியல் பெயருக்குள் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. எரிக்ஸ் ஜானி என்பதிலுள்ள ஜான், தரங்கம்பாடியில் 1771 முதல் 1813இல் இறக்கும்வரை வாழ்ந்த ஜெர்மானிய மதபோதகர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான். ஊழியத்தோடு சேர்த்துச் சங்கு, மீன், பாம்பு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றி எழுதிய பேட்ரிக் ரஸ்ஸல் 1801இல் இந்தப் பாம்பை விவரித்தபோது அவர் பெயரை வைத்தார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இருப்பவர் இந்த ரஸ்ஸல்தான். ஆளைக் கொல்லும் பாம்பு மருத்துவர் பேருக்கும், சாதுவான பாம்பு பாதிரியார் பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு பெயர் கடையநல்லூர்க்காரர்களுக்கு நெருக்கமாக இருக்கும். இந்த ஊரில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே ஓமானிலும் அமீரகத்திலும் சவூதியிலும் மணலுக்குள் ஒரு மண்ணுளி இருக்கிறது. அரேபிய மண்ணுளி. ஒன்றரை அடி நீளமிருந்தால் பெரியது. கண்கள் பக்கவாட்டில் இல்லாமல் தலையின் உச்சியில் இருக்கும். உடல் முழுக்க மணலில் புதைந்திருக்க, கண்களை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பல்லிக்காகக் காத்திருக்கும். இதற்கு எரிக்ஸ் ஜயகரி என்று பெயர். ஜயகர் என்பவர் அரபியும் அல்ல, வெள்ளைக்காரரும் அல்ல. ஆத்மாராம் சதாசிவ ஜயகர், 1844இல் பிறந்த இந்தியர். மஸ்கட்டில் ஆங்கில அரசின் மருத்துவராக நெடுங்காலம் பணிபுரிந்தவர். ஓமானிப் பழமொழிகளையும் தொகுத்தார், மலையாட்டையும் கடற்குதிரையையும் பாம்பையும் லண்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். 1888இல் விலங்கியலாளர் பூலஞ்சர் பாம்புக்கு இவர் பெயரை இட்டார். பிழைக்கப் போன இடத்து மண்ணை இவ்வளவு ஆசையோடு பார்த்தவர்கள் சிலரே.

அந்த அரேபிய மண்ணுளியிடம் ஒரு விசித்திரம். மண்ணுளிக் குடும்பத்தில் பெரும்பாலானவை குட்டி ஈனுபவை; இது முட்டையிடும். முன்னோர்கள் முட்டையிடுவதை விட்டுக் குட்டி ஈனத் தொடங்கி யுகங்கள் ஆன பிறகு இது எப்படி முட்டைக்குத் திரும்பியது? ஒருமுறை இழந்த சிக்கலான அமைப்பு பரிணாமத்தில் மீண்டும் வராது என்பது உயிரியலில் டோலோ விதி. யேல் பல்கலைக்கழகத்தின் வின்சென்ட் லிஞ்சும் குந்தர் வாக்னரும் 2010இல் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, இழந்து சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பாம்பு முட்டையிடுவதை மீட்டெடுத்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். முட்டையோட்டைக் கிழித்து வெளிவர மற்றப் பாம்புக் குஞ்சுகளுக்கு இருக்கும் முட்டைப்பல் இதன் குஞ்சுகளுக்கு இல்லை என்பதும் அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. வளைகுடாவில் கம்பெனி முகாமுக்குப் பின்னால் மணலில் கிடக்கும் பாம்பு உயிரியல் பாடநூலின் ஒரு விதியை அசைத்திருக்கிறது.

நம்மூர்ப் பாம்புக்கு வருவோம். வளர்ந்த சிவப்பு மண்ணுளி பெரும்பாலும் இரண்டரை அடி; பெரியது மூன்றடியைத் தாண்டும். தடித்த உருளை உடம்பு, தலைக்கும் உடலுக்கும் நடுவே கழுத்து என்று ஒன்று தெரியாது. வாலும் கூர்மையாக முடியாமல் மழுங்கி நிற்கும். செதில்கள் சிறியவை, வழுவழுப்பானவை. செம்மண் நிறத்திலிருந்து கருஞ்சாக்லேட் வரை நிறம் மாறும். தென்னங்கன்றுக்குக் குழி வெட்டிய இடத்தில் ஒன்று மண்ணோடு சேர்ந்து வெளியே வந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வெட்டியவர் கத்தி, நான்கைந்து பேர் கூடி, யாரோ கம்பு தேடப் போன அந்த நேரம் முழுக்கப் பாம்பு செய்தது ஒன்றே ஒன்று. உடலைச் சுருட்டி, தலையை அடியில் செருகிக்கொண்டு, வாலைச் சற்று உயர்த்தி மெதுவாக ஆட்டியது. வால்நுனியில் பழைய தழும்புகள், செதில் உரிந்து வெளுத்த வடுக்கள். எலிக்குஞ்சுகளைத் தின்ன வளைக்குள் போகும்போது தாயெலி கடிக்க வரும். அந்தக் கடியை வாங்குவது வால். இரண்டு தலை என்று ஊர் நம்பியதற்குக் காரணமான உறுப்பு, எதிரியையும் அப்படியே நம்ப வைக்கத்தான் இருக்கிறது.

கூட்டம் விலகிய பின் அது மண்ணுக்குள் போனதையும் சொல்ல வேண்டும். மூக்கின் முன்செதில் அகன்று, விளிம்பு கூர்ந்து, மண்வெட்டி அலகு போல இருக்கும். அதைத் தாழ்த்தி மண்ணில் வைத்துத் தலையை இடமும் வலமுமாகச் சிறிதாக அசைத்தது. அவசரமே இல்லை. கீழ்த்தாடை மேல்தாடைக்குள் பதிந்திருப்பதால் வாய்க்குள் மண் போகாது. கடுகளவு கண், அதில் செங்குத்தான பாவை. தலை மறைந்ததும் உடம்பு தானாக வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மேல்மண் லேசாகப் பொங்கி அடங்கியது. அடிவயிற்றின் பின்பகுதியில், கழிவாயின் இருபக்கமும், இரண்டு சிறு முட்கள் இருக்கும். கால்கள் இருந்த காலத்தின் மிச்சம் அவை, மலைப்பாம்புக்கும் உண்டு.

மண்ணைத் தின்று உயிர் வாழ்கிறது என்று பலர் சொல்வார்கள். அப்படி இல்லை. வாழ்வில் பாதி, மேல்மண்ணுக்கு ஒரு சாண் கீழே அசையாமல் கிடப்பதில் கழிகிறது. பொழுது சாய்ந்த பின் எலிவளைகளை மோப்பம் பிடித்துத் திரியும். அல்லது தளர்ந்த மண்ணில் புதைந்து, மேலே எலி வரும் அதிர்வுக்குக் காத்திருக்கும். அவ்வளவு மந்தமான பிராணி, இரை எட்டும் தூரத்துக்கு வந்தால் தலையைப் பக்கவாட்டில் வெட்டிப் பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை அதைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டார்கள். சுற்றிச் சுருட்டி இறுக்கிக் கொன்று விழுங்கும். ஒரு பெரிய எலி கிடைத்தால் பல நாள் மறுபடி தின்னாது. கோடை உச்சத்தில் இன்னும் ஆழமாக இறங்கிவிடும். மழைக்குப் பிந்தைய இரவுகளில் தார்ச்சாலையைக் கடக்கும். டயரில் நசுங்குவதும் அப்போதுதான். பெண் பாம்பு ஆணைவிடப் பெரியது. சுமார் நான்கு மாதம் சுமந்து, அதிகபட்சம் பதினான்கு குட்டிகள் ஈனும். குட்டிகளின் சிவந்த உடம்பில், குறிப்பாக வால்பக்கம், கறுப்பு வளையங்கள் இருக்கும். வளர வளர மங்கிவிடும். வளையத்தைப் பார்த்துக் கட்டுவிரியன் குட்டி என்று அடித்துப் போடுகிறவர்கள் உண்டு.

சொரசொரப்பு மண்ணுளிக்கு இந்தத் தொல்லை இன்னும் பெரிது. அதன் முதுகில் கருந்திட்டுகள் ஒன்றோடொன்று இணைந்து கோணல்மாணலாக ஓடும். செதில்கள் முள் தட்டுவது போலக் கரகரக்கும். தூரத்தில் பார்த்தால் கண்ணாடி விரியனேதான். இதனால் மண்ணுளி அடிபட்டுச் சாவது ஒரு பக்கம். கண்ணாடி விரியனை மண்ணுளி என்று நினைத்துக் கையில் எடுப்பது மறுபக்கம். அதுதான் உயிர் போகிற விஷயம். கண்ணாடி விரியனுக்கு முதுகில் மூன்று வரிசையாக, தனித்தனியே, வட்டமோ முட்டை வடிவமோ ஆன புள்ளிகள். தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். கிட்டப் போனால் குக்கர் விசிலுக்கு இணையாகச் சீறும். மண்ணுளிக்குக் கழுத்து இல்லை, வால் கட்டை, திட்டுகள் ஒழுங்கற்றவை. வெளிச்சத்தில் நின்று நிதானமாகப் பார்ப்பவருக்குத்தான் இந்த வித்தியாசம் உதவும். இருட்டில், பதற்றத்தில், எதையும் அடையாளம் காண முயலாமல் விலகி நிற்பதே சரி. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கடித்தது மண்ணுளிதான் என்று ஊரே சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது நல்லது.

நம்பிக்கைகளைப் பார்த்தால், பழைய நம்பிக்கைகள் பாம்பைக் காப்பாற்றின என்றே எனக்குத் தோன்றுகிறது. மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று பாட்டிகள் பயமுறுத்தினார்கள். சொரசொரப்பு மண்ணுளியின் திட்டுத்திட்டான தோலைப் பார்த்து எழுந்த பயமாக இருக்கலாம். மருத்துவப்படி அதில் ஒன்றும் இல்லை. தொழுநோய் ஒரு பாக்டீரியாவால் வருவது. ஆனால் அந்தப் பயத்தில் யாரும் தொடவில்லை. ஆறு மாதம் ஒரு தலையும் ஆறு மாதம் மறுதலையும் ஆட்சி செய்யும் என்ற கதையும் அப்படித்தான்: வேடிக்கை பார்த்தார்கள், பாம்பாட்டிகள் வாலில் சூடு போட்டுக் கண்ணும் வாயும் வரைந்து காசு வாங்கினார்கள். வாலுக்குக் கொடுமை, ஆனால் அதற்காகக் காடு முழுக்கத் தோண்டவில்லை.

புதிய நம்பிக்கை வேறு மாதிரி. வீட்டில் வைத்தால் செல்வம் கொட்டும், எய்ட்ஸுக்கும் புற்றுநோய்க்கும் மருந்து, ஆண்மை பெருகும், வெளிநாட்டில் கோடிக்கு வாங்குகிறான். இதில் ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. சந்தையில் விலை பேசப்படுவது எடையை வைத்து. இத்தனை கிலோவுக்கு மேல் இருந்தால் இவ்வளவு என்று ஒரு கணக்கு. எடை கூட்ட ஈயக்குண்டையும் இரும்புக்குண்டையும் வாய்வழியாகத் திணிக்கிறார்கள். பறிமுதல் செய்யப்பட்ட பாம்புகளை எக்ஸ்ரே எடுத்து இதைக் கண்டிருக்கிறார்கள். அந்தப் பாம்பு பிறகு பிழைப்பது கடினம்.

யார்தான் கடைசியில் வாங்குகிறார்கள்? இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் பதில் இன்னொரு ஊரில் இருக்கும் இன்னொரு பார்ட்டியைக் காட்டும். தென்காசிக்காரர் மதுரையைச் சொல்வார், மதுரைக்காரர் சென்னையையோ மும்பையையோ சொல்வார். ரைஸ் புல்லிங் கலசம், இரிடியம் என்ற மோசடிகளும் இதே பாதையில்தான் போகின்றன. எச். வினோத்தின் 'சதுரங்க வேட்டை' 2014இல் வந்தபோது அதன் முதல் அத்தியாயமே மண்ணுளிப் பாம்பு மோசடிதான். படம் ஓடியது, வசனம் பரவியது, மோசடி நிற்கவில்லை. ஏமாறுகிறவர் முட்டாள் அல்லர் என்பதை அந்தப் படம் சரியாகப் பிடித்தது. அவர் தன்னை மற்றவரைவிடக் கெட்டிக்காரர் என்று நினைப்பவர். வாங்குபவரும் விற்கத்தான் வாங்குகிறார். மருந்து காய்ச்சுகிற கடைசி ஆள் என்று ஒருவர் இருப்பதாகத் தெரியவில்லை. பாம்பு கைமாறிக் கைமாறி, பட்டினியிலோ குண்டாலோ செத்துப்போகும் இடத்தில் வியாபாரம் முடிகிறது.

இதன் அளவு சிறியதல்ல. 2016 முதல் 2021 வரை வந்த பத்திரிகைச் செய்திகளை டபிள்யூ.சி.எஸ் இந்தியா அமைப்பு தொகுத்தபோது, சிவப்பு மண்ணுளி பறிமுதலான 172 நிகழ்வுகள் 18 மாநிலங்களிலும் ஒரு யூனியன் பிரதேசத்திலும் கிடைத்தன. முதலிடம் மகாராஷ்டிரத்துக்கு. பிடிபட்டது, அதுவும் பத்திரிகைக்கு வந்தது மட்டும்தான் இது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இப்போது இந்த இனத்தை அச்சுறுத்தலை நெருங்கும் நிலையில் வைத்திருக்கிறது. வியாபாரம் ஒரு காரணம். உலர்நிலம் காணாமல் போவது இன்னொன்று. நம் பக்கத்திலும் செவக்காட்டில் ஜேசிபி இறங்கிச் செம்மண் அள்ளுகிறது, மேடு மட்டமாகி பிளாட் கல் நடப்படுகிறது. பாம்பு இருந்த ஆழம் முழுக்க லாரியில் ஏறிப் போகிறது. மலையில் 2015இல் நெல்லை வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. செவக்காட்டுக்கு அப்படி ஒரு பலகை கிடையாது. அது தரிசு என்றுதான் கணக்கில் ஏறும்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர் மண்ணுளியைப் பிடிப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலிலும் இது உண்டு. 2022இல் வந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையான திருத்தம் ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கியது. பொதுவான அபராதத்தின் உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. விற்கப் போகும் இளைஞருக்கு இது தெரியாமல் இல்லை. கோடி என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு லட்சம் சிறியதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வளர்க்கலாமா என்பதற்கும் இதிலேயே பாதிப் பதில் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டில் வளர்க்கும் பாம்புகளில் கென்ய மண்ணுளி பிரபலம். ஆரஞ்சும் கரும்பழுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் நிறம், சிறிய உடம்பு, கூண்டிலேயே இனப்பெருக்கம் ஆகிறது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட எகிப்து, கிழக்கு ஆப்பிரிக்கப் பாம்பு அது. யூடியூபில் அதைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்த்துத்தான் நம் பிள்ளைகளுக்கு ஆசை வருகிறது.

அந்த வளர்ப்பு முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பாம்பின் இயல்பு அதில் நன்றாகத் தெரிகிறது. பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. அடிநிரப்பு ஆழமாக இருக்க வேண்டும், குறைந்தது நான்கைந்து அங்குலம், மரச்சீவலோ மணலோ. பெட்டியின் ஒரு பக்கம் 32 முதல் 35 டிகிரி வரை சூடு, மறுபக்கம் 25 டிகிரி அளவில் குளிர்ச்சி. பாம்பு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். சூட்டுத்தகட்டை அடியில் வைப்பவர்கள் தெர்மோஸ்டாட் வைக்காவிட்டால் ஆபத்து, ஏனென்றால் மண்ணுளி கீழே தோண்டிப்போய்த் தகட்டின் மேலேயே படுத்து வயிறு வெந்துவிடும். சின்னக் கிண்ணத்தில் தண்ணீர். வளர்ந்ததற்கு ஏழு பத்து நாளைக்கு ஒரு எலி, உறைய வைத்து உருக்கியது. இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் பாம்பு வாரக்கணக்கில் தின்ன மறுக்கும். அதற்கு ஊசி, மருந்து என்று ஓட வேண்டியதில்லை. இருபது ஆண்டுக்கு மேல் வாழும். இத்தனையும் செய்து முடித்தால், வளர்ப்பவர் பெரும்பாலான நாட்களில் பார்ப்பது மணல் நிரம்பிய ஒரு பெட்டியைத்தான். காட்டிக்கொள்ள விரும்பாத பிராணியைக் காட்சிக்கு வாங்குவதில் உள்ள முரண் அது.

இந்தியாவில் கென்ய மண்ணுளி போன்ற அயல்நாட்டு இனத்தை வைத்திருப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 2020இல் தானாக முன்வந்து அறிவிக்க ஒரு வாய்ப்பு வந்தது. பின் 2024 பிப்ரவரியில் உயிருள்ள விலங்கினங்களைப் பதிவு செய்யும் விதிகளே வந்துவிட்டன, பரிவேஷ் இணையதளம் வழியாக. கடையநல்லூர்க்காரர்கள் 1941லேயே சொந்தமாகச் சங்கம் அமைத்துக்கொண்ட சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்ப்பதே சட்டவிரோதம். செவக்காட்டில் கிடைத்த மண்ணுளியைத் தொட்டியில் போட்டு, கென்யா பாம்பு என்று சொல்லித் தப்பலாம் என்று எண்ணுபவருக்கு ஒரு தகவல்: இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வனக்காவலருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படாது.

இனி, கிடைத்ததை என்ன செய்வது. கிணற்று மேட்டிலோ வைக்கோற்போர் அடியிலோ தெரிந்தால், விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பதுதான் முதல் பதில். அரை மணிநேரத்தில் தானாகப் போய்விடும். எலி தின்னும் பாம்பை வயலிலிருந்து விரட்டுவது விவசாயிக்கே நஷ்டம். வீட்டுக்குள் வந்துவிட்டது, குழந்தைகள் இருக்கிறார்கள், என்ன பாம்பு என்றும் தெரியவில்லை என்றால் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ கூப்பிட வேண்டும். அவர்கள் வரும்வரை தள்ளி நின்று, அது எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். போட்டோ எடுத்துக் குழுவில் போட வேண்டாம். நல்லெண்ணத்தோடு போட்டாலும், அதைப் பார்த்து முதலில் போன் செய்கிறவர் புரோக்கராக இருப்பார்.

அவர்கள் பிடித்த பிறகு வருவதுதான் சிக்கலான பகுதி. வாளியில் மண்ணோடு போட்டு, காற்றுப் புகும் துணியால் மூடி, நிழலில் வைத்தால் ஒரு நாள் இரண்டு நாள் அது அமைதியாக இருக்கும். பால் ஊற்ற வேண்டாம். பாம்பு பால் குடிக்காது. தீனி எதுவும் தேவையில்லை. பறிமுதலான பாம்பென்றால் அது வழக்குச் சொத்து. நீதிமன்ற அனுமதி பெற்றுத்தான் விடுவிக்க முடியும், அதுவரை கூண்டில் காத்திருக்கும். எல்லாம் முடிந்து அடுத்த நாள் செய்தி வரும்: பாம்பு அடர்ந்த வனப்பகுதியில் பத்திரமாக விடப்பட்டது என்று. நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் கடையநல்லூர் வனச்சரகத்தில் அடர்ந்த வனம் என்றால் அது மலை. ஈரம், வேர்கள் பின்னிய இறுகிய மண், இலைச்சருகு, அட்டை. உலர்ந்த உதிரி மண்ணில் புதைந்து வாழும்படி உடலெடுத்த பாம்புக்கு அங்கே என்ன வேலை? காடு என்றாலே மரம், பாம்பு என்றாலே காடு என்ற எண்ணம் இந்தப் பிராணிக்குப் பொருந்தவில்லை. மரமில்லாத மேட்டுநிலமும் ஓர் உயிர்ச்சூழல்தான் என்பது நம் நிர்வாகத்துக்கு இன்னும் ஏறவில்லை.

இடம் மாறிய பாம்பு என்னாகிறது என்று வெளிநாடுகளில் உடலுக்குள் ரேடியோ கருவி வைத்துத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் கிலுகிலுப்பை விரியன்களை வேறு காட்டில் விட்டபோது, அவை உள்ளூர்ப் பாம்புகளைவிட அதிக தூரம் அலைந்தன, அதிகமாகச் செத்தன. வளை எது, ஒதுங்கும் இடம் எது, இரை எங்கே என்ற வரைபடம் அதன் தலைக்குள் இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டு வேறு ஊரில் இறக்குகிறோம். மும்பையில் பிடிபட்ட ஆந்திரத்துப் பாம்பை அங்கேயே விட்டால் இன்னொரு கவலையும் உண்டு: நோய் பரவும், பரம்பரை கலக்கும்.

ஆகவே என் கருத்து இது. வீட்டிலிருந்தோ வயலிலிருந்தோ மீட்ட மண்ணுளியை மலைக்கு ஏற்றக் கூடாது. பிடித்த இடத்துக்கு நடந்து போகும் தூரத்திலேயே, குளத்துக்கரைச் சரளைமேட்டிலோ உடைமரப் புதரடியிலோ, மண் உதிரும் இடமாகப் பார்த்து, பொழுது சாயும் நேரத்தில் விட வேண்டும். அந்த நிலத்துக்காரரிடம் முன்கூட்டியே பேசுவது அவசியம். எலிக்கு மருந்து வைப்பவரின் தோட்டம் ஆகாது, மருந்தெலியைத் தின்றால் பாம்புக்கும் அதே கதி. விட்ட இடத்தைப் பத்திரிகைக்குச் சொல்லவே கூடாது. பறிமுதல் வழக்குகளில், கைதானவரிடம் எங்கே பிடித்தாய் என்பதை முதல் நாளே கேட்டுப் பதிவு செய்துகொண்டால் பிறகு நீதிமன்றத்தில் அனுமதி கேட்கும்போது எந்தத் தாலுகாவில் விடுவது என்று சொல்ல முடியும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் பல பாம்புகள் கூண்டிலேயே தங்கிவிடுகின்றன, அல்லது அருகிலிருக்கும் மலைக்குப் போகின்றன. பிடித்தவர் வாளிக் கைப்பிடியில் ஒரு சீட்டைக் கட்டி, ஊர், சர்வே எண், தேதி மூன்றையும் எழுதினால் செலவு ஒன்றுமில்லை.